தொடரோட்டமும் ஒப்புரவும்

ஓடுதல் விலங்கிற்கும் மக்கட்கும் பொது. தான் சுமந்து ஓடியதைப் பிறனொருவன் கையில் ஒப்புவித்து, அவன் ஓடுவதைக் கண்டு மகிழ்ந்து நிற்றலோ மக்கட்கே உரியது. இவ்வாறு கைமாற்றி ஓடும் ஓட்டத்தை நம் பள்ளிகளில் தொடரோட்டம் என்கின்றோம். ஈழநாட்டுத் தமிழர் அஞ்சலோட்டம் என்பர். அவ்வோட்டம் மலை, சாலை, ஆறு, கடல் எனப் பலவிடத்தும் பலவகை விளையாட்டாய் விரிந்ததும், அதனைக் கொண்டு ஊரார் அறம் வளர்த்ததுமாகிய வரலாற்றை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

விளையாட்டுச் செய்திக்குச் சங்கத்தின் திங்களிதழில் இடம் எதற்கு என வினவுவார் உளராகலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் நம்மவர் வாழும் ஓரூரில் ஏழை மாணவர் நிதிக்கென ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடந்தது. நாமும் சென்றிருந்தோம். பந்தலும் ஒலிபெருக்கியும் வரவேற்பு வளைவுகளும் குறைவற அமைந்திருந்தன. முதற்பரிசை யார் கையால் வழங்குவது என்பதில் பெரியோர் இருவரிடையே மனவேற்றுமை எழுந்தது. வென்ற பிள்ளை வெயிலில் ஒரு நாழிகை நின்றான். பின்னர்க் கணக்குப் பார்த்தபோது, செலவு போக எஞ்சிய தொகை 12 பிள்ளைகட்குக் குறிப்பேடு வாங்கவே போதுமானதாயிற்று. மகனுடைய பள்ளிச் சம்பளத்திற்கு அந்நிதியை நம்பி வந்திருந்த தாயொருத்தி, ஒன்றும் சொல்லாது அவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற காட்சி இன்றும் நம் கண்ணை விட்டு அகலவில்லை. பொருளின்மையால் வந்த குறையன்று அது. ஒருவர் கையிலுள்ளதை மற்றொருவர் கையில் ஒப்புவிக்க அறியாமையால் வந்த குறை. அக்குறைக்கு மருந்து எங்கேனும் உண்டோ எனத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பழைய கைமாற்றம்

அஞ்சல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் அரசின் கடிதப் போக்குவரத்து அப்பெயராலேயே வழங்கிற்று. மணி கட்டிய கோலை ஏந்தி அஞ்சலோட்டக்காரர் ஓடுவர். மணியோசை கேட்டோர் வழிவிட்டு ஒதுங்குவர். அவ்வஞ்சல் 1951-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. பெறுவோன் பெயர் மடலின்மேல் இருக்கும். எழுதினோன் பெயர் உள்ளே இருக்கும். சுமந்து ஓடியவன் பெயர் எங்கும் இராது. ஆயினும் அவன் ஒருவன் தவறினால் இருவர் பெயரும் வழியில் கிடக்கும்.

மேனாட்டிலும் இக்கைமாற்றம் பழையது. கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரார் தம் தெய்வத் திருவிழாக்களில் தீப்பந்த ஓட்டம் நடத்தினர். குதிரைமேல் ஏறிப் பந்தத்தைக் கைமாற்றும் பந்தயம் ஒன்று பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலின் தொடக்கத்திலேயே பேசப்படுகின்றது. அவ்வோட்டங்களின் விதி நாம் மனத்திற் கொள்ளத்தக்கது. முந்தி வருதல் மட்டும் போதாது. ஏந்தி வந்த பந்தம் எரிந்துகொண்டிருத்தல் வேண்டும். பந்தம் அணைந்தவன் முந்தி வந்தாலும் தோற்றவனே. விரைவு வேறு, ஏற்ற பொருளைக் காத்தல் வேறு என்பதை அவர் விளையாட்டிலேயே கற்பித்தனர்.

இக்காலத்து ஒலிம்பிக் பந்தயங்களிலும் அவ்விதியின் நிழல் உண்டு. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில், நால்வர் நூறு நூறு மீட்டர் ஓடும் தொடரோட்டத்தின் இறுதிச் சுற்றில் ஜெர்மானியர் இரண்டாமிடத்தில் வந்தனர். ஆனால் கோலைக் கைமாற்றும் இடத்தில் நேர்ந்த பிழையால் அவர்கள் விலக்கப்பட்டனர். நாம் நம் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குகையில் கண்டதும் இதுவே. விரைந்தோடும் நால்வரைச் சேர்த்தால் வெற்றி தானே வரும் என்று எண்ணியிருந்தோம். கொடுப்போன் விடாது பற்றினான். பெறுவோன் பொறாது பறித்தான். கோல் மண்ணில் வீழ்ந்தது. ஓட்டத்தில் இழப்பது சிறிது. கைமாற்றத்தில் இழப்பதே பெரிது.

பேக்கர் மலையின் தனி வீரர்

இனி, பலவகை விளையாட்டுக்களை ஒன்றாய்த் தொடுத்த ஓர் ஊரின் வரலாற்றைக் காண்போம். ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியில் உள்ளது வாஷிங்டன் மாநிலம். அதன் வடபாகத்தில், கனடா நாட்டெல்லைக்கு அணித்தாய்க் கடற்கரையில் அமைந்த நகர் பெல்லிங்காம். அந்நகர்க்குக் கிழக்கே, என்றும் பனி போர்த்து நிற்பது பேக்கர் மலை. அஃது ஓர் எரிமலை. உயரம் ஏறக்குறைய 10,780 அடி.

1911-ஆம் ஆண்டில் அந்நகரார் பேக்கர் மலைக் கழகம் என ஒன்று கூட்டித் தம் மலையின் பெருமையை நாடறியச் செய்ய விரும்பினர். அதன்பொருட்டு ஒரு பந்தயம் வகுத்தனர். நகரினின்று புறப்பட்டு மலையுச்சியை மிதித்து மீண்டும் நகர் வந்து சேர்தல் வேண்டும். மலைவழி தொடங்குமிடம் வரை மோட்டார் வண்டியிலேனும் இரயிலிலேனும் போகலாம்; அப்பால் ஏறவும் இறங்கவும் காலே துணை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 14 பேர் போட்டியிட்டனர்.

ஜோ கால்பிரெய்த் என்பார் மோட்டார் வழியைக் கொண்டார். ஹார்வி ஹாகர்ட் என்பார் இரயில் வழியைக் கொண்டார். ஹாகர்ட் மலையினின்று விரைந்திறங்கி இரயிலேறிவிட்டார். வெற்றி அவர்க்கே என யாவரும் எண்ணியிருக்க, அவ்விரயில் இருப்புப்பாதையிற் குறுக்கிட்ட காளையொன்றின்மேல் மோதித் தடம் புரண்டது. அவர் மனந்தளராது குதிரைவண்டியிலும், குதிரைமேலும், மோட்டாரிலும் மாறி மாறி ஏறி நகரை நோக்கினார். குதிரை அவரைக் கீழே தள்ளவும் செய்தது. அதற்குள் கால்பிரெய்த் 12 மணி 28 நிமிடத்தில் வந்து வென்றுவிட்டார். மாண்ட காளை ஊர்விருந்தாயிற்று. அடுத்த ஆண்டாகிய 1912-இல் ஹாகர்ட் வென்று தம் மனக்குறை தீர்ந்தார்.

1913-ஆம் ஆண்டில் மூன்றாம் முறையாகப் பந்தயம் நடந்தது. விக்டர் கால்பிரெய்த் என்னும் போட்டியாளர் பனிப்பாளத்திற் பிளந்திருந்த வெடிப்பொன்றினுள் வீழ்ந்தார். பல மணி நேரம் அப்பிளவினுட் கிடந்து, பின்னர் மீட்கப்பட்டார். அவர் உயிர் தப்பியது, பந்தயம் தப்பவில்லை. இனி இத்தகைய இடர் வேண்டா என்று நகரார் அதனை நிறுத்திவிட்டனர்.

இங்கே சிறிது நின்று எண்ணுவோம். அவ்வீரரின் ஆற்றலில் குறையில்லை. ஊராரின் ஊக்கத்திலும் குறையில்லை. ஒருவனே ஏறி, ஒருவனே இறங்கி, ஒருவனே வெல்லும் பந்தயமாதலின், அவ்வொருவற்கு வந்த இடர் பந்தயம் முழுமைக்கும் வந்த இடராயிற்று. ஊரார் செய்தற்குரியது கைதட்டுதல் ஒன்றே. தனி வீரன் புகழ்மேற் கட்டிய விழா மூன்றாண்டே நின்றது.

நானிலம் கடக்கும் ஓட்டம்

அறுபது ஆண்டுகள் சென்றன. 1973-ஆம் ஆண்டில் பெல்லிங்காம் நகரார் தம் வேனில் விழாவை ஒட்டி அம்மலைப் பந்தயத்தை வேறு வடிவில் உயிர்ப்பித்தனர். அதற்கு 'ஸ்கி டு சீ' எனப் பெயரிட்டனர். பனிச்சறுக்கு முதற் கடல்வரை என்பது அதன் பொருள். தொடக்கத்தில் பனிச்சறுக்கு, மிதிவண்டி, ஓடம் என்னும் மூன்று பகுதிகளே இருந்தன. பின்னர் அது வளர்ந்து ஏழு பகுதிகளை உடையதாயிற்று. ஓரணிக்கு எண்மர். நீளம் ஏறக்குறைய 90 மைல். ஆண்டுதோறும் மே மாத இறுதியில், போரில் மாண்டோரை அந்நாட்டார் நினைவுகூரும் விடுமுறைக்கு முன்னாளாகிய ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறுகின்றது.

அதன் நடை இது. முதல்வர் பனிவெளியில் நீள்சறுக்குக் கட்டைகளின்மேல் ஊன்றி ஊன்றிச் செல்வர். இரண்டாமவர் பனிச்சரிவில் நடந்தேறி, உச்சியினின்று சறுக்கி இறங்குவர். மூன்றாமவர் மலைச்சாலையில் 8 மைல் கீழ்நோக்கி ஓடுவர். நான்காமவர் மிதிவண்டியில் 40 மைல் அளவிற்குக் காட்டு வழியையும் வயல் வழியையும் கடந்து எவர்சன் என்னும் சிற்றூரை அடைவர். அங்கு இருவர் ஓடத்துடன் காத்திருந்து, நூக்சாக் ஆற்றில் 18 மைலுக்குமேல் துடுப்பு வலித்துப் பெர்ண்டேல் என்னும் ஊரை எய்துவர். ஏழாமவர் கரடுமுரடான தடத்திற்கேற்ற மிதிவண்டியில் துறைமுகம் சேர்வர். எட்டாமவர் சிறு தோணியில் அமர்ந்து கடற்கழியை 5 மைல் கடந்து, கரையேறி, ஆங்குள்ள மணியை அடிப்பர். அம்மணியோசையே அவ்வணி முடித்ததற்கு அறிகுறி.

நம் முன்னோர் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தை வகுத்தனர். அவ்வோட்டமோ மலையிற் பிறந்து, காட்டிற் புகுந்து, வயல் சூழ்ந்த ஆற்றில் மிதந்து, கடலில் முடிகின்றது. ஒரே நாளில் நானிலமும் கடக்கப்படுகின்றது. ஆயின் நானிலமும் கடந்தவர் ஒருவரும் இலர். பனியில் தொடங்கியவர் கடல்மணியை அடிப்பதில்லை. மணி அடித்தவர் காலையில் பனியை மிதித்ததில்லை. ஒவ்வொருவர்க்கும் உரியது தம் பங்கு மட்டுமே. வெற்றியோ எண்மர்க்கும் முழுதும் உரியது. ஆடவர் அணி, பெண்டிர் அணி, இருபாலார் கலந்த அணி, உயர்நிலைப்பள்ளி மாணவர் அணி எனப் பலவகையார் இதிற் கலந்துகொள்வதற்கும் இப்பங்கீடே காரணம். மலையேற வல்லவர் சிலரே. தமக்கு இயன்ற ஒரு பங்கைச் செய்யவல்லார் பலர்.

இப்பந்தயத்தை நடத்துவது இலாபம் நாடாத உள்ளூர் அமைப்பு ஒன்றாகும். கைமாறும் நிலைகள்தோறும் சம்பளமில்லாத் தொண்டர் நிற்பர். வருவோர் எண்ணைக் குறித்தல், வண்டிகளை ஒழுங்கு செய்தல், தண்ணீர் தருதல், ஆற்றிலும் கடலிலும் இடருற்றோர்க்கு உதவுதல், குப்பை பெருக்குதல் ஆகிய யாவும் அவர் பொறுப்பு. தலைக்கவசமின்றி மிதிவண்டியில் ஏறலாகாது. மிதவைச் சட்டையின்றி ஓடத்தில் அமரலாகாது. பனிப்பிளவில் ஒருவர் வீழ்ந்த நினைவு அந்நகர்க்கு நல்லாசானாயிற்று போலும். கொள்ளைநோயால் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளிலும் பந்தயம் நடக்கவில்லை. 2022-இல் மீண்டும் மணி ஒலித்தது. தனி வீரர் பந்தயம் ஓர் இடருக்கே ஒடிந்தது. பலர் கை பற்றிய பந்தயம் இரண்டாண்டு இடைவெளிக்கும் ஒடியவில்லை.

ஒருவர் ஓடியதும் பலர் ஓடியதும்

அறத்தின் வழியில் இதே மாற்றத்தைக் காட்டும் மற்றொரு வரலாறும் அம்மாநிலத்திலேயே உண்டு. பெல்லிங்காமுக்குத் தெற்கே, சியாட்டில் பெருநகரையும் கடந்து சென்றால் வருவது டகோமா நகர். அங்கு அறுவை மருத்துவராய் இருந்தவர் கார்டன் கிளாட். புற்றுநோயால் வருந்துவோரை நாள்தோறும் கண்டவராதலின், அந்நோயை எதிர்க்கும் சங்கத்திற்குப் பொருள் ஈட்டித்தர விரும்பினார். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஓட்டக்களத்தில் இறங்கி, 24 மணி நேரம் அக்களத்தையே சுற்றிச் சுற்றி ஓடினார். கடந்த தொலைவு 83 மைலுக்குமேல். நண்பர்கள் 25 டாலர் கொடுத்து அரைமணி நேரம் அவரோடு உடன் ஓடினர் அல்லது நடந்தனர். அவ்வொரு நாளில் 27,000 டாலர் சேர்ந்தது. பந்தலுமில்லை, வளைவுமில்லை. வேண்டியிருந்தவை களம் ஒன்றும், ஓடுவார் ஒருவரும், உடன் வருவார் சிலருமே.

அம்மருத்துவர் தம் பெருமையை நாடியிருப்பின், மறுவருடம் 25 மணி நேரம் ஓடிக் காட்டியிருப்பார். அவர் எண்ணியது வேறு. களத்தைச் சுற்றுகையிலேயே, இதனைப் பலர் மாறி மாறிச் செய்தால் என்ன என்று கருதினார். 1986-ஆம் ஆண்டில் 19 அணிகள் கூடின. 220 பேர் முறைவைத்து ஒருநாள் முழுதும் நடந்தனர். சேர்ந்த தொகை 33,000 டாலர். ஒருவர் தனித்து ஈட்டியதற்கும் பலர் கூடி ஈட்டியதற்கும் முதலாண்டில் வேற்றுமை சிறிதே என்பதைக் கவனிக்க. 6,000 டாலர் மிகுதி பெரிதன்று. 220 பேர் சேர்ந்ததே பெரிது. அவர்கள் வழியாய் அது பிற ஊர்கட்கும் பிற நாடுகட்கும் பரவிற்று. கிளாட் 2014-ஆம் ஆண்டில் காலமானார். அவர் தொடங்கியது நின்றுவிடவில்லை. அவர் முன்னமே அதனைக் கைமாற்றிவிட்டமையின்.

அவ்விழாவில் இரண்டு வழக்கங்கள் உண்டு. நோயினின்று பிழைத்தோரே முதற்சுற்று நடப்பர். இருள் சூழ்ந்தபின், நோயால் மாண்டோர் பெயரைக் காகிதப் பையில் எழுதி உள்ளே விளக்கேற்றிக் களத்தைச் சுற்றிலும் வைப்பர். யார்பொருட்டு நடக்கின்றோமோ அவர் முன்னிற்க, நடத்துவோர் பின்னிற்கும் முறை அது. வெயிலில் நின்ற அந்தப் பிள்ளையை இங்கே நினைந்துகொண்டோம்.

நமக்குரியது

வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு பொருந்தி, உலகநடை அறிந்து, எல்லார்க்கும் உதவி வாழ்வது ஒப்புரவு. ஈகையைச் செல்வர் ஒருவரே செய்துவிடலாம். ஒப்புரவு ஊர் கூடாமல் ஆகாது. ஊர் கூடித் தேர் இழுக்கும் நாட்டில் பிறந்த நமக்கு இதனை விரித்துரைத்தல் மிகை. வடத்தைப் பற்றிய கைகளுள் எது தேரை நகர்த்திற்று என ஒருவரும் வினவுவதில்லை.

நம் ஊர்களில் பனியில்லை. ஆயினும் சாலை உண்டு, வரப்பு உண்டு, ஆற்றுமணல் உண்டு. பிள்ளையொருவன் ஓட, தங்கை மிதிவண்டி ஓட்ட, தந்தையார் விரைந்து நடக்க, பாட்டனார் இறுதி நூறடியைத் தடியூன்றிக் கடந்து மணி அடிக்க, ஒரு குடும்பமே ஓரணியாகலாம். நீச்சல் அறியாரை நீரில் இறக்கலாகாது. அறிந்தார்க்கும் கரையில் காவல் வேண்டும். சாலையில் ஓடுவதாயின் காவல் துறையாரின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும்; வெயில் ஏறுமுன் முடித்தல் நலம். கைமாறும் நிலைதோறும் தண்ணீரும், முதலுதவிப் பெட்டியும், எண் குறிப்பார் இருவரும் இருத்தல் இன்றியமையாதது.

எல்லாவற்றினும் முதன்மையானது கணக்கு. எந்த அறத்திற்கு இப்பந்தயம் என்பதை முன்னரே ஒன்றாய் வரையறுத்தல் வேண்டும். சேர்க்கைப் பணம் முழுதும் அவ்வறத்திற்கே எனவும், பந்தயச் செலவு அன்பர்கள் பொருளாகவும் உழைப்பாகவும் தரும் உதவியால் எனவும் பிரித்துவிட்டால், பந்தலின் பளபளப்பு ஏழைப் பிள்ளையின் சம்பளத்தை விழுங்காது. பந்தயம் முடிந்த திங்களே வரவு செலவை இவ்விதழில் அச்சிடுவதும், தொகையைப் பெற்றவர் இன்னார் எனப் பெயர் கூறி அவரை நாணச் செய்யாதிருப்பதும் நம் கடமைகள்.

இன்னும் ஒன்றுண்டு, சொல்லத் தயங்கினும் சொல்லுதல் நம் கடன். கோலைப் பெற மறுப்பவன் தோற்பதுபோலவே, கோலை விட மறுப்பவனும் தோற்கின்றான். காரியதரிசி, பொக்கிஷதார் முதலிய பொறுப்புக்களைப் பல்லாண்டு சுமந்த பெரியோர் நமக்குத் தெய்வம் போல்வர். அவர் ஓடிய தொலைவை நாம் அறிவோம். எனினும் அவர்கள் கால் தளர்ந்து நிற்கும் நாள்வரை கோலைப் பற்றியிருப்பின், பெறுவதற்குக் கை நீட்டி ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர் எல்லை கடந்து அப்பால் போய்விடுவர். தொடரோட்டத்தில் கோலை மாற்றுதற்குரிய எல்லை மிகக் குறுகியது. நால்வர் நூறு மீட்டர் ஓடும் பந்தயத்தில் அது 30 மீட்டரே. அதற்கு முன்னும் கொடுக்கலாகாது, பின்னும் கொடுக்கலாகாது. கொடுப்போனும் பெறுவோனும் சிறிது தொலைவு உடன் ஓடுதல் வேண்டும். சங்கத்திற்கும் விதி அதுவே. முதியோரும் இளைஞரும் ஓராண்டேனும் உடன் ஓடி, வேகங் குறையாது கோலை மாற்றிக்கொள்வாராக. இளைஞரும் பறித்தல் ஒழிந்து, பெற்றுக்கொள்ளும் பணிவைப் பயில்வாராக.

ஏதென்ஸ் நகரத்து இளைஞன் ஏந்திய பந்தமும், டகோமா களத்தில் இறந்தார்க்கு ஏற்றிய விளக்கும் நமக்கு அறிவுறுத்துவது ஒன்றே. முந்தி வந்தது யார் என்பது அன்றைய செய்தி. விளக்கு அணையாது வந்ததா என்பதே பின்வருவார்க்கு வேண்டும் செய்தி. அடுத்த முறை நம்மவர் ஓரூரில் பந்தயம் வைக்கும்போது, அத்தாயும் மகனும் வெறுங்கையராய்த் திரும்பாதிருப்பின், பரிசை யார் கையால் வழங்கினால்தான் என்ன?

அன்பர்களின் குடும்பங்கள் நலம் பெறுக. இளைஞர் உடலுரமும் கல்வியும் பெருகுக. நம் சங்கத்தின் அறம் கைமாறிக் கைமாறி நீடு வாழ்க.